முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்: அடுப்படிக்கு எவர்சில்வர் தகடு மாட்டும் வழி

வீட்டிலேயே அதிகம் அடி வாங்கும் சுவர் அடுப்புக்குப் பின்னால் இருப்பதுதான். நல்லெண்ணெயில் கடுகு வெடித்து, கறிவேப்பிலையும் வரமிளகாயும் விழுந்த அடுத்த நொடி சடசடவென்று தெறிக்கிற அத்தனையும் அங்கேதான் போய் ஒட்டுகிறது. தீபாவளிப் பலகாரம் சுட்டு முடிக்கும்போது பாருங்கள், மேடையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பிசுக்கு ஏறியிருக்கும். டைல்ஸ் ஒட்டினால் ஓடு சுத்தமாகிவிடும், நடுவில் இருக்கிற இணைப்புக் கோடு மட்டும் வருடா வருடம் கறுத்துக்கொண்டே போகும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமெல்லாம் இப்போது எவர்சில்வர் தகடு கேட்பவர்கள் கூடிவருவதற்கு இதுதான் காரணம். நல்ல யோசனைதான். ஒரே துணியில் துடைத்துவிடலாம், தீப்பிடிக்காது, மஞ்சள் கறை ஏறாது, சரியாக மாட்டினால் அடுத்த தலைமுறைக்கும் வரும்.

ஆனால் எல்லோரும் முதலில் கடைக்குப் போய்த் தகட்டைப் பார்க்கிறார்கள், அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், அப்புறம்தான் சுவரைப் பற்றி யோசிக்கிறார்கள். நம் ஊர் வீடுகளில் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் தகட்டுக்குப் போக வேண்டும். எந்தத் தகடு, எத்தனை கனம், பசையா திருகா, எல்லாவற்றையும் அந்தச் சுவர்தான் முடிவு செய்கிறது.

சுவர் எது?

விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பிற்காலத்தில் கட்டிய சிமெண்ட் பூச்சுச் சுவர் என்றால் கெட்டியாக, ஒரே மாதிரி சத்தம் வரும். மேலே பெயிண்ட், அதற்குக் கீழே வெள்ளைப் புட்டி இருக்கும். சாவியால் ஓரத்தில் சுரண்டினால் தெரிந்துவிடும். பழைய வளவு வீடுகளில், அதாவது நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய செட்டிநாட்டு வீடுகளில், இருப்பது சுண்ணாம்புச் சுவர். மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த பூச்சு, அதன்மேல் அரைத்த சுண்ணாம்பு, கடைசியில் முட்டை வெண்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. உள்ளங்கையை வைத்தால் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். தட்டினால் சில இடத்தில் கெட்டியாகவும் சில இடத்தில் பொள்ளலாகவும் கேட்கும். பொள்ளல் கேட்கிற இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுக் கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

முன்பெல்லாம் சமையல் வீட்டின் பின்கோடியில், கடைசிக் கட்டுப் பகுதியில், விறகடுப்பில். அங்கே சுவர் புகையேறிக் கிடந்தால் யாரும் கவலைப்பட்டதில்லை. இப்போது வீட்டில் இருப்பது இரண்டு பேர், மூன்று பேர். இரண்டாம் கட்டிலேயே ஓர் அறையை அடுப்படியாக மாற்றி, கிரானைட் மேடை போட்டு, கேஸ் அடுப்பை வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் முட்டைப் பூச்சுப் போட்ட நல்ல சுவர் தாளிப்புக்கு நேர் எதிரே வந்து மாட்டிக்கொள்கிறது.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வெயில் வந்ததும் மெல்ல வெளியே விடும். அதன்மேல் தகட்டை அப்படியே பசை வைத்து ஒட்டினால் ஈரம் போக வழியில்லை. தகட்டின் ஓரத்தைச் சுற்றி வெளியே வரும், வரும்போது உப்பையும் கொண்டுவரும். ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே தகட்டைச் சுற்றிச் சுவர் உப்புப் பூத்து, பொரிந்து உதிரத் தொடங்கும். இன்னொன்று, பசை பிடித்திருப்பது அந்தத் தாள் கனத்து மேல்பூச்சை மட்டும்தான். என்றைக்காவது தகட்டைக் கழற்றினால் மெருகும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும். அதைத் திரும்ப அதே மாதிரி போடத் தெரிந்த கொத்தனார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் அதன் மதிப்பு.

எந்தச் சுவராக இருந்தாலும் ஈரத்தைச் சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். செலவில்லாத சோதனை: ஓரடிக்கு ஓரடி கண்ணாடி பிளாஸ்டிக் தாளை அடுப்புக்குப் பின்னால் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. மேல்தளக் கசிவோ, பின்னால் குளியலறைக் குழாயோ, எதுவென்று பார்த்துச் சரிசெய்யுங்கள். தகடு ஈரத்தை மறைக்கும், தீர்க்காது.

தகடு வாங்கும்போது

எவர்சில்வர் என்று பொதுவாகச் சொன்னாலும் கடையில் மூன்று நான்கு ரகம் கிடக்கும். அடுப்படிக்கு 304 வாங்குங்கள். அதில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துரு பிடிக்காமல் காப்பது குரோமியம். மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நின்று, கீறல் விழுந்தால்கூடக் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய ரகம். விலை குறைவு, புதிதாகப் பார்த்தால் 304க்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் உப்பும் புளியும் நீராவியும் தினமும் படுகிற இடத்தில், அதுவும் தொட்டிக்குப் பக்கத்தில், நாளடைவில் பழுப்புப் புள்ளி வரும். 430 என்றொரு ரகமும் உண்டு, நிக்கல் கிடையாது, ஈரம் படாத இடத்துக்கு மோசமில்லை. 316 நம் ஊருக்குத் தேவையில்லை. தொண்டி, மீமிசல் பக்கம் கடலோரத்தில் வீடு என்றால் யோசிக்கலாம்.

"காந்தம் ஒட்டாவிட்டால் அசல்" என்று கடையில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 430இல் காந்தம் நன்றாக ஒட்டும், அதை அப்படிக் கண்டுபிடித்துவிடலாம். 202இலும் 304இலும் ஒட்டாது, ஆகவே நீங்கள் ஏமாறக்கூடிய இடத்தில் காந்தம் உதவவே உதவாது. அதோடு 304ஐ மடித்த இடத்தில் காந்தம் லேசாக இழுக்கும், அதைப் பார்த்துப் பயந்து திருப்பிக் கொடுக்காதீர்கள். நம்பகமான வழி, பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்வது, ஆலைச் சான்றிதழின் நகல் கேட்பது. பெரிய கடைகளில் உலோகத்தைச் சோதிக்கும் கருவி வைத்திருப்பார்கள், உங்கள் கண்ணெதிரே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள். சேலத்திலேயே 1981 முதல் ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டும் அரசு ஆலை இருக்கிறது, சான்றோடு வரும் தகடு கிடைக்காத பொருள் ஒன்றும் இல்லை.

கனம் பற்றி. பின்னால் பலகை வைத்து மாட்டுவதானால் 1 மி.மீ. போதும், கடையில் 20 கேஜ் என்று சொன்னால் ஏறக்குறைய அதுதான். வெறும் தகடாக நிற்க வேண்டும் என்றால் 1.2 மி.மீ., அதாவது 18 கேஜ். அதைவிட மெலிதாக எடுத்தால் தகடு அலை அலையாகத் தெரியும், கை பட்டால் 'டங்' என்று உள்வாங்கிச் சத்தம் போடும். கேஜ் என்பது ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுகிறது, அதனால் மில்லிமீட்டரிலேயே பேசுங்கள். விலை கிலோ கணக்கு. 4 அடிக்கு 2 அடி, 1 மி.மீ. தகடு ஆறு கிலோ வரும், முழு 8க்கு 4 தகடு 23, 24 கிலோ. இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் எடை போடும்போதே கனம் சரியா என்று பிடித்துவிடலாம்.

மெருகில் மூன்று: மிரர், மேட், ஹேர்லைன். மிரர் கடையில் அழகாக இருக்கும், வீட்டில் ஒவ்வொரு விரல் ரேகையும் தெரியும், ஒரு சின்னக் கீறல் விழுந்தால் கண் அங்கேயே போகும். நான் ஹேர்லைனைத்தான் சொல்வேன். மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும், சின்னக் கீறல் அதற்குள் மறைந்துவிடும். கோடு கிடைமட்டமாக ஓடும்படி எடுங்கள், ஏனென்றால் நாம் துடைக்கும்போது கை இயல்பாக இடவலமாகத்தான் போகிறது, கோட்டின் திசையில் துடைத்தால்தான் மெருகு கெடாது. இரண்டு துண்டாக வருகிறது என்றால் இரண்டிலும் கோடு ஒரே திசையில் இருக்கிறதா என்று வெட்டும் முன்பே பாருங்கள். பின் அடையாளமாகத் தகட்டின்மேல் ஒட்டி வரும் பாதுகாப்புப் படலத்தில் அம்புக்குறி போட்டு வைத்துவிடுங்கள்.

அளவெடுப்பது

பழைய வீட்டில் எந்தச் சுவரும் நேராக இருக்காது என்று வைத்துக்கொண்டே அளவெடுங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்திலும், உயரத்தை இரண்டு ஓரத்திலும் நடுவிலும் எடுத்து, இருப்பதில் சின்ன அளவை வைத்துக்கொள்ளுங்கள். மேடை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் நிறுத்திப் பாருங்கள். சுவிட்ச் எங்கே வருகிறது, ஜன்னல் கதவு திறக்கும்போது இடிக்கிறதா, எல்லாம் அந்த அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டையைக் கடைக்கே எடுத்துப் போங்கள். தாளில் எழுதிய அளவைவிட அட்டை பேசும்.

அகலம், அடுப்புக்கு இரண்டு பக்கமும் அரை அடியாவது கூடுதலாக. உயரம், சிம்னி இருந்தால் அதன் அடி வரைக்கும்; இல்லாவிட்டால் மேடையிலிருந்து மூன்றடிக்குக் குறையக் கூடாது, பலகாரம் அதிகம் சுடும் வீடு என்றால் நான்கடி. சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விட்டு அளவு கொடுங்கள். எவர்சில்வர் சூட்டில் நன்றாகவே விரியும். நான்கடித் தகடு 50 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். அதற்கு இடம் இல்லாவிட்டால் நடுவில் புடைக்கும்.

வெட்டுவதும் மடிப்பதும் பட்டறையிலேயே முடியட்டும். நான்கு ஓரத்தையும் 10, 12 மி.மீ. பின்பக்கம் மடித்துத் தரச் சொல்லுங்கள். தகடு விறைப்பாக நிற்கும், கையை வெட்டாது. வீட்டில் வைத்து, சக்கரம் மாட்டிய கை கிரைண்டரால் வெட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். ஓரம் சூட்டில் நீலம் பாயும், பிசிறு நிற்கும், அதைவிட மோசம், அதே சக்கரத்தில் முன்பு இரும்பு வெட்டியிருந்தால் இரும்புத் தூள் எவர்சில்வரில் பதிந்து ஒரே வாரத்தில் துருப்புள்ளியாக வெளியே வரும். அப்போது "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று தகட்டைத் திட்டுவோம்.

கரண்ட்

இதை மட்டும் வேகமாகப் படித்துவிட்டுப் போகாதீர்கள். சுவர் முழுக்க உலோகம் வைக்கிறோம். பின்னால் ஓடும் ஒரு ஒயரில் உறை தேய்ந்து தகட்டைத் தொட்டால் மொத்தத் தகட்டிலும் கரண்ட் பாயும், அதைத் தொடுவது ஈரக்கையோடு சமைப்பவர். மரச் சட்டத்தின் மேல் ஓடும் பழைய ஒயரிங் உள்ள வீடு என்றால் அந்தச் சுவரில் இருக்கும் ஒயரை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகக் குழாய்க்குள் இழுத்த பிறகுதான் தகடு. மிக்சி, கிரைண்டர் பிளக்கைத் தகட்டுக்கு வெளியே தள்ளிவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. தள்ள முடியாது என்றால் தகட்டில் வெட்டும் துளையின் ஓரத்துக்கு ரப்பர் விளிம்பு போட வேண்டும், தகட்டின் பின்பக்கம் எர்த் ஒயர் இணைக்க வேண்டும், வீட்டில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்க வேண்டும். மூன்றும் எலக்ட்ரீஷியன் வேலை. மெயினை அணைக்காமல் யாரும் அந்தச் சுவரில் டிரில் வைக்கக் கூடாது. கேஸ் குழாயும் தகட்டுக்குப் பின்னால் ஓடக் கூடாது, கண்ணுக்குத் தெரியும்படி முன்னால்தான் வர வேண்டும்.

சிமெண்ட் சுவரில் மாட்டுவது

எளிய வேலை. டைல்ஸ் மேலேயே ஒட்டலாம், ஓடு கழன்றிருக்கக் கூடாது, அவ்வளவுதான். பெயிண்ட், புட்டி இருந்தால் சுரண்டி எடுத்துப் பூச்சு வரைக்கும் போய்விடுங்கள், ஏனென்றால் பசை புட்டியைப் பிடிக்கும், புட்டி சுவரை விட்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். சுவர் மேடுபள்ளம் என்றால் 6 அல்லது 8 மி.மீ. சிமெண்ட் ஃபைபர் போர்டைத் திருகில் மாட்டி மட்டப்படுத்தி, அதன்மேல் தகட்டை ஒட்டுங்கள். அந்த இடத்தில் பிளைவுட் வேண்டாம். தகடு சூட்டைக் கடத்தும், பின்னால் இருக்கும் மரம் வருடக்கணக்கில் வறுபட்டுக்கொண்டே இருக்கும்.

பசை வாங்கும்போது சிலிகான் குப்பியில் 'நியூட்ரல்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மலிவாகக் கிடைக்கிற சாதாரண சிலிகான் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். காயும்போது அமிலம் விடுகிற சரக்கு அது, உலோகத்துக்கும் ஆகாது, சுண்ணாம்பு, சிமெண்ட் மேலே சரியாகப் பிடிக்கவும் பிடிக்காது. பசையை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, ஒரு சாணுக்கு ஒன்றாக இழுங்கள். சுற்றிலும் வட்டம் கட்டி மூடிவிடாதீர்கள். சிலிகான் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் காய்கிறது, உள்ளே காற்றுப் போகாவிட்டால் நடுவில் இருப்பது பல நாள் பச்சையாகவே கிடக்கும்.

ஒட்டும் முன்பு பாதுகாப்புப் படலத்தை நான்கு ஓரத்திலும் ஓர் அங்குலம் மட்டும் உரித்துக்கொள்ளுங்கள். மேடையில் 3 மி.மீ. அட்டைத் துண்டுகளை அடுக்கி, அதன்மேல் தகட்டின் அடியை உட்கார வைத்து, மெல்ல மேலே சாய்த்து அழுத்த வேண்டும். இரண்டு பேர் வேண்டும், தோல் கையுறை வேண்டும். ஒருமுறை மடங்கிவிட்ட தகட்டை யாராலும் பழையபடி நிமிர்த்த முடியாது. ரசமட்டம் பார்த்துவிட்டு மாஸ்கிங் டேப்பால் மேலே இழுத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள், அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். மறுநாள் அட்டைகளை எடுத்துவிட்டு, மேடையும் தகடும் சேரும் கோட்டில் சிலிகான் போட்டு விரலால் வழித்துவிட்டால் தண்ணீரும் கரப்பானும் உள்ளே போகாது.

சுண்ணாம்புச் சுவரில் மாட்டுவது

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் ஆச்சி கேட்டது இதுதான்: "தம்பி, எங்க அப்பச்சி காலத்துச் சுவரு. ஒரு ஆணிகூட அடிக்காம மாட்ட முடியுமா?"

"முடியும் ஆச்சி. சுவரைத் தொடாம முன்னாடி நிக்கிற மாதிரி செஞ்சுடலாம்."

முடியும் என்பதற்கு வழி, தகட்டைச் சுவரில் மாட்டாமல் மேடைமேல் நிறுத்துவது. 20 மி.மீ. எவர்சில்வர் சதுரக் குழாயில் ஒரு சட்டம் அடிக்கச் சொல்லுங்கள், நடுவில் ஒரு குறுக்குக் கம்பியோடு. தகட்டின் மேல் மடிப்பை மட்டும் 25 மி.மீ. வைத்தால் அது சட்டத்தின் மேல்கம்பியில் கொக்கி மாதிரி போய் உட்கார்ந்துகொள்ளும். சட்டத்தின் கால் மேடையில் நிற்கும், கொஞ்சம் சிலிகான் போதும். தலைப்பகுதி முன்னால் சாயாமல் இருக்க, மேலே இருக்கிற காங்கிரீட் பரணிலோ அலமாரியிலோ இரண்டு எல் வடிவப் பட்டியால் பிடித்துவிடலாம். சட்டம் சுவரைத் தொடும் இடத்தில் சின்ன ரப்பர் துண்டு வையுங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் போகிற அளவு காற்று ஓடும். தகடு சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று மேலே எழும், பக்கவாட்டில் புதுக்காற்று வரும், சுவர் காயும். அடியை மட்டும் மேடையோடு அடைத்து, மேலேயும் இரண்டு பக்கமும் திறந்தே விடுங்கள்.

பிடிக்க மேலே எதுவும் இல்லை, சுவரில்தான் துளை போட வேண்டும் என்றால் இரண்டே இரண்டு போடுங்கள், பொள்ளல் கேட்காத இடமாகப் பார்த்து. அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹாமர் முறையை அணைத்துவிட்டு, முதலில் 4 மி.மீ., அப்புறம் 6 மி.மீ. பிட்டால் நிதானமாகப் போக வேண்டும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போன பிறகுதான் திருகைத் தாங்கும் பிளாஸ்டிக் பிளக் பிடிக்கும், அதனால் நீளமான பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். திருகும் எவர்சில்வரே. சாதாரண இரும்புத் திருகு போட்டால் ஒரு மழைக்காலத்தில் துரு ஒழுகி வெள்ளைச் சுவரில் கோடு போட்டுவிடும். பின்னால் இருக்கும் சுவருக்குப் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்காதீர்கள், சுண்ணாம்பு மட்டும் அடித்தால் போதும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பட்டியைக் கழற்றி, தகட்டைத் தூக்கி எடுத்து, பின்பக்கம் சேர்ந்த தூசியைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிடலாம்.

மாட்டிய பிறகு

படலத்தை அன்றே முழுவதும் உரித்துவிடுங்கள். புதுசு கெடாமல் இருக்கட்டும் என்று விட்டு வைத்தால் அடுப்புச் சூட்டில் தகட்டோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் பிசினாக வரும். அடுப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, இருக்கிற பெரிய வாணலியின் விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே நாலு விரலாவது இடைவெளி வையுங்கள்; தீ நேராகத் தகட்டில் பட்டால் அந்த இடம் தேன் நிறமாக மாறிவிடும், சோப்பில் போகாது.

தினமும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, கடைசியில் உலர்ந்த துணி. போர்வெல் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும், வினிகர் தொட்டுத் துடைத்து உடனே கழுவினால் போய்விடும். கெட்டியான பிசுக்குக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசிக் கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். கம்பி நார் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம், அதிலிருக்கும் குளோரின் எவர்சில்வரில் ஊசிக்குத்து மாதிரி குழி போடும். டைல்ஸ் கழுவும் ஆசிட் அதைவிட மோசம்: தகட்டில் படக்கூட வேண்டாம், அதே அறையில் ஊற்றினாலே அந்தப் புகையில் தகடு மங்கிப் பழுப்பாகும். வீட்டு வேலை நடக்கிறது, கொத்தனார் கடைசியில் ஆசிட் கழுவுவார் என்றால் அதெல்லாம் முடிந்து, அறை நன்றாகக் காய்ந்த பிறகு தகட்டை மாட்டச் சொல்லுங்கள். தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் அந்த ஆசிட்டை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், அது சிமெண்ட் கல், பூவேலை மொத்தமும் அரித்துப்போகும்.